நிழலே விழாத ஊரில் வைட்டமின் டி பஞ்சமா?

தஞ்சாவூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் உச்சிவேளையில் கதிரவன் நேர் தலைக்குமேல் நிற்பான். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. இப்படி வெயில் காயும் நாட்டில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பீர்கள். குறைகிறது!

தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மீது புற ஊதாக் கதிர் பட்டால்தான் இந்த வைட்டமின் உண்டாகும். பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றே அது வேலை செய்யும். அந்தக் கதிரின் அலைநீளம் 290 முதல் 315 நானோமீட்டர். கண்ணாடி அதைத் தடுத்துவிடும். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழும் காலையிலும் மாலையிலும் அது மிகக் குறைவு. வயலில் நாற்று நடுபவருக்குக் கிடைப்பது நெல் மண்டிக் கணக்கருக்குக் கிடைப்பதில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் பலரிடம் இந்த வைட்டமின் குறைவாக இருக்கிறது. நம் நாட்டில் அவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அப்படியானால் மாத்திரை விழுங்கி நோயைத் தடுக்கலாமோ? அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற 2423 பேரைக் கொண்டு சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நாள்தோறும் 4000 அலகு கொடுத்தும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2019-ல் முடிவு வந்தது. ஓடியாடாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு இரண்டும் வரலாம் அல்லவா? சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

தைராய்டின் கதை வேறு. சிறுவயதில் வரும் முதல்வகை நீரிழிவில், உடலைக் காக்கும் அணுக்களே கணையத்தைத் தாக்குகின்றன. சிலருக்கு அவை தைராய்டுச் சுரப்பியையும் விட்டுவைப்பதில்லை. அதனால் களைப்பு வரும், எடை கூடும். "எல்லாம் சர்க்கரையால்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஓர் இரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.