தந்தையும் மகளும் ஆடும் வேளைக்குரிய இசை

திருமண வரவேற்பில் மணமகள் தன் தந்தையோடும் மணமகன் தன் தாயோடும் ஒரு பாடலுக்குச் சேர்ந்து ஆடும் வழக்கம் மேற்குலக விருந்துகளில் வேரூன்றியதாகும்; கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடியேறிய தமிழர்களின் மணவிழாக்களிலும் இன்று அது இடம்பெறுவதால், உறவினர் அங்கிருந்து அனுப்பும் காணொளிகள் வழியாக இலங்கையின் மலையகக் குடும்பங்களுக்கும் பழக்கமாகியுள்ளது. மலையகத்தின் தெல்தோட்டையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இதனை மேற்கொள்ள விரும்புமாயின், எந்தப் பாடல் இன்று பெயர்பெற்றுள்ளது என்பதைவிட, அந்தப் பெற்றோரும் பிள்ளையும் எந்த ஓசைகளுக்கு நடுவே வாழ்ந்தனர் என்பதையே முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெற்றோரின் பிரிவுக்கும் நன்றிக்கும் இசையோடு கூடிய இடம் இம்மண்ணின் மணச்சடங்குகளில் முன்பே உண்டு. இந்துத் திருமணத்தில் தந்தை மகளின் கையை மணமகன் கையில் வைத்து நீர் வார்த்துக் கொடுக்கும் தாரைவார்ப்பின்போதும், மணமக்களை ஊஞ்சலில் இருத்திப் பாடும்போதும், நாதஸ்வரக் கலைஞர்கள் அந்தந்த வேளைக்கென இராகங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊஞ்சலுக்கும் லாலிக்கும் ஆனந்தபைரவியும் குறிஞ்சியும் உகந்தவையெனக் கருதப்பட, சோகச் சாயலுடைய முகாரி பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கண்டிச் சிங்களவரின் போருவச் சடங்கிலோ, அதாவது அலங்கரிக்கப்பட்ட மேடையில் நிகழும் மணவினையிலோ, மகளுக்குப் பாலூட்டி வளர்த்ததற்கு நன்றியாக மணமகன் அவள் தாய்க்கு வெள்ளைத் துணி அளிக்கிறான்; சிறுமியர் ஜயமங்கல காதை எனும் வாழ்த்துப் பாக்களைப் பாடுவதும் அதே சடங்கில்தான்.

மலையகத் தமிழருக்கு இவற்றினும் நெருக்கமானது தப்பு. மரச் சட்டத்தில் தோல் போர்த்தி, தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டி, நீண்ட மெல்லிய குச்சியும் குறுகிய தடித்த குச்சியும் கொண்டு அடிக்கப்படும் இந்தப் பறை, தெல்தோட்டைப் பகுதியில், கோயில் திருவிழா, மணவீடு, சாவுவீடு ஆகிய எல்லாவற்றோடும் பிணைந்தது. விடியலில் தொழிலாளரைப் ‘பிரட்டு’க்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் அணிவகுப்புக்கு, எழுப்பியதும் தோட்டங்களில் இதே தப்புதான். மகளைப் படிக்கவைக்க மலையேறிய ஒரு தந்தையின் உழைப்பு முழுவதும் இந்த ஒலியோடு தொடங்கியது என்பதால், அவர் அவளோடு ஆடும் வேளையில் தப்புக் கலைஞர் ஒருவரை அழைத்து மெல்லிய மங்கல அடியை வாசிக்கச் செய்வதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை. ஆயினும் சாவுக்குரிய அடிகள் தனியே இருப்பதால், எந்த அடி வேண்டும் என்பதை மூத்த கலைஞரிடம் முன்கூட்டியே பேசி உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும் இத்தகைய தேர்வுக்கு வளமான ஊற்றாகும். அம்மாயி பாடிய தாலாட்டின் மெட்டு குடும்பத்தில் எவருக்கேனும் இன்னும் நினைவிருந்தால் அதுவே போதும்.

திரைப்பாடலை நாடுவோர் சொற்களோடு கதையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் கேட்போர் மனத்தில் பாடல் தனியே வருவதில்லை. ‘தங்க மீன்கள்’ (2013) படத்துக்காக நா. முத்துக்குமார் எழுதித் தேசிய விருது பெற்ற பாடல் தந்தை–மகள் பாசத்தின் உச்சமெனினும், படம் வறுமையால் பிரியும் தந்தையைப் பற்றியது; ‘விஸ்வாசம்’ (2019) படத்தில் டி. இமான் இசையமைத்த பாடல், தன்னைத் தந்தையென்று அறியாத மகளைக் காக்கும் ஒருவனுடையது. பிழைப்புக்காகக் கொழும்பிலோ வளைகுடா நாட்டிலோ நெடுங்காலம் பிரிந்திருந்த பெற்றோர் மலையகத்தில் பலர் என்பதால், இவை சில வீடுகளில் ஆழ்ந்த ஆறுதலாகவும், சில வீடுகளில் தாங்கவியலாத நினைவாகவும் அமையக்கூடும். மகளை விட மனமில்லாத தந்தையைச் சித்திரிக்கும் ‘அபியும் நானும்’ (2008) படத்தின் பாடல் மணவிழாவுக்கு இவற்றைவிட இயல்பாகப் பொருந்துகிறது. தாய்–மகன் ஆட்டத்துக்கு ‘மன்னன்’ (1992) படத்தில் இளையராஜா இசையில் கே. ஜே. யேசுதாஸ் பாடிய தாய்ப்பாடல் இன்றும் நிற்கும். அவரே பாடிய ‘ராம்’ (2005) படப்பாடலோ, தாயின் கொலையைச் சுற்றிய கதையில் வருவதால், மணமேடைக்கு உரியதன்று.

தாளத்தைப் பொறுத்தவரை, ஆடிப் பழகாத பெற்றோருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்புகள் கொண்ட மெதுநடைப் பாடலே எளிது. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையிலோ, மேற்கத்திய வால்ட்ஸிலோ அமைந்த பாடல், தாலாட்டைப் போல் உடலைத் தானாகவே அசையச் செய்யும். பைலா இலங்கையர் யாவருக்கும் உவப்பானது, எனினும் அதன் துள்ளல் பெற்றோர் ஆட்டம் முடிந்து உறவினர் அனைவரும் களத்தில் இறங்கும் வேளைக்கே ஏற்றது. தந்தை இல்லாத இடத்தில் தாய்மாமன் ஆடலாம். ஆடக் கூச்சப்படுபவர் மகளின் கையைப் பற்றி மணவறையை ஒருமுறை சுற்றி நடந்தாலும் இசை தன் வேலையைச் செய்யும். முழுப்பாடலையும் ஒலிக்கவிடாமல், பல்லவியும் ஒரு சரணமும் முடியும் இடத்தில், ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் நிறுத்தும்படி ஒலியமைப்பாளரிடம் எழுதிக் கொடுத்து, விழாவுக்கு முன்பே மண்டபத்தில் ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பார்ப்பது நல்லது.