பிரக்ஞையும் சூனியமே

1998-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் இருவர் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் காக், மற்றவர் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ். பிரக்ஞைக்குக் காரணமான நரம்புச் செயல்பாடு இதுதான் என்று இன்னும் 25 ஆண்டுகளில் கண்டுபிடித்துவிடுவோம் என்றார் காக். நடக்காது என்றார் சால்மர்ஸ். 2023 ஜூனில் நியூயார்க் மாநாடு ஒன்றில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேசியபடி ஒயின் வாங்கிக் கொடுத்தார். அசராமல், அடுத்த 25 ஆண்டுகளுக்கும் பந்தயத்தைப் புதுப்பித்துக்கொண்டார்.

அந்த மாநாட்டில்தான் ஒரு பெரிய கூட்டுச் சோதனையின் முடிவுகளும் முதலில் வெளிவந்தன. நெற்றிப் பகுதி மூளை செய்தியை எங்கும் ஒலிபரப்பும்போது பிரக்ஞை பிறக்கிறது என்பது ஒரு கோட்பாடு. பின்பகுதி மூளையின் பின்னிப் பிணைந்த வலைதான் பிரக்ஞை என்பது இன்னொன்று. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். 2025-இல் நேச்சர் இதழில் முழுக் கட்டுரையாக வந்த அந்த முடிவுகளில் இரண்டு கோட்பாடுகளுக்குமே அடி விழுந்திருந்தது.

தோற்றவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பிரக்ஞை என்ற ஒன்று மண்டைக்குள் ஓரிடத்தில் இருக்கிறது, தேடினால் அகப்படும் என்ற எதிர்பார்ப்பையே சந்தேகிக்கும் பழைய பௌத்த மரபு ஒன்று உண்டு. காக்குக்கும் அது தெரியாததல்ல. 2013 ஜனவரியில் கர்நாடகத்தின் முண்டகோடுக்கு வந்து, அங்குள்ள திரெபுங் மடத்தில் தலாய் லாமாவோடும் பிக்குகளோடும் நாள்கணக்கில் பேசியவர் அவர்.

அந்த மரபின் தலைமகன் நாகார்ஜுனர். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலோர் கணிப்பு. தென்னிந்தியர் என்கிறது மரபு. எல்லாம் சூனியம் என்றார் அவர். அப்படியானால் எதுவுமே இல்லையா, நல்வினை தீவினையும் பொய்யா, புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளும் பொய்யா என்று அன்றே சண்டைக்கு வந்தார்கள். மூலமத்தியமககாரிகை நூலின் 24-ஆம் அத்தியாயம் முழுக்க இந்தச் சண்டைதான். எதிராளியின் குற்றச்சாட்டை முதலில் ஒளிக்காமல் அடுக்கிவிட்டு, பிறகு அதை அப்படியே அவர் பக்கம் திருப்பிவிடுகிறார் நாகார்ஜுனர். ஒரு பொருளுக்கு, எதையும் சாராத சொந்த இயல்பு இருந்தால் அது பிறக்காது, மாறாது, அழியாது. துக்கத்துக்கு அப்படி ஓர் இயல்பு இருந்தால் அதை யாராலும் தீர்க்க முடியாது. சூனியமாக இருப்பதால்தான் தீர்கிறது. சார்பினால் தோன்றுவது எதுவோ, அதைத்தான் அவர் சூனியம் என்கிறார். இல்லாமை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

சரி, ‘நான்’ என்பதும் இப்படிச் சார்பினால் தோன்றுவதுதானா? இதற்கு மூளை அறிவியலில் ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. கடுமையான வலிப்பு நோய்க்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவை செய்து துண்டித்த ஓர் இளைஞன் அவன். 1970-களில் மைக்கேல் கஸானிகாவும் ஜோசப் லெடூவும் அவனைச் சோதித்தார்கள். திரையின் வலப்புறம் ஒரு கோழிக்கால் தெரிந்து மறைந்தது. அதைப் பார்த்தது பேச்சுத் திறன் கொண்ட இடது மூளை. இடப்புறம் பனி மூடிய வீடு. அதைப் பார்த்தது வலது மூளை. பிறகு எதிரே பரப்பிய படங்களில் பொருத்தமானதைத் தொடச் சொன்னார்கள். வலது கை கோழியைத் தொட்டது. இடது கை, பனி அள்ளும் மண்வாரியைத் தொட்டது. இரண்டுமே சரியான விடை.

ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடது மூளைக்குப் பனி வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்கால் கோழியோடு சேரும், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமல்லவா என்றான், துளியும் தயங்காமல். மூளைக்குள் இருக்கும் இந்த உரையாசிரியர், மூலம் கைக்கு வராதபோதும் உரை எழுதிவிடுகிறார்! நம் எல்லோருக்குள்ளும் இவர் இருக்கிறார், நடந்தவற்றைக் கோத்து ‘நான்’ என்ற கதையை ஓயாமல் சொல்பவர் இவர்தான் என்பது கஸானிகாவின் முடிவு.

‘நான்’ என்பது தனியே நிற்கும் பொருளல்ல என்ற இவ்வளவு தூரம் புத்தரும் நரம்பியலும் சேர்ந்தே நடக்கலாம். இந்தச் சோதனைகளுக்கு மாற்று விளக்கம் இல்லாமலும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் யாயிர் பின்டோ குழு 2017-இல் இதே அறுவை செய்துகொண்ட இருவரைச் சோதித்து, காட்சி இரண்டாகப் பிளந்தாலும் பிரக்ஞை ஒன்றாகவே இருக்கிறது என்றது.

ஆனால் ‘புத்தர் அன்றே சொன்னதை விஞ்ஞானம் இன்று நிரூபித்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமிதம் எனக்கு ஒப்பவில்லை. இரு தரப்பும் பிரியும் இடம் இருக்கிறது. முந்தைய பிரக்ஞைக் கணத்திலிருந்துதான் அடுத்த கணம் பிறக்க முடியும், சடத்திலிருந்து பிறக்காது என்று வாதிட்டவர் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி. மறுபிறப்புக்கு அவர் காட்டும் தர்க்கமே அதுதான். மூளை நின்றால் எல்லாம் நின்றது என்று கருதும் நரம்பியலோடு இது எப்படி ஒத்துப்போகும்?

இந்தப் பிளவைக் கருவி வைத்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பியது மூளை ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சனின் விஸ்கான்சின் குழு. தேர்ந்த திபெத்திய யோகிகள் சிலர் இறந்த பிறகும் நாள்கணக்கில் தியானத்தில் இருப்பார்கள், உடல் அழுகாது என்பது திபெத்தியர் நம்பிக்கை. துக்தம் என்பது அந்த நிலையின் பெயர். மருத்துவம் இறந்துவிட்டதாக அறிவித்த உடல்களில் மின்முனைகளைப் பொருத்தி, காதில் ஒரே மாதிரி ஒலியை விடாமல் ஒலிக்கச் செய்து, நடுவே மாறுபட்ட ஒலி ஒன்றை நுழைத்தார்கள். உயிருள்ள மூளை, கவனம் வேறெங்கோ இருந்தாலும், அந்த மாற்றத்துக்குச் சட்டென்று எதிர்வினை காட்டும். உயிருள்ளவர்களிடம் அதே கருவி அதைத் தெளிவாகப் பதிவுசெய்தது. துக்தத்தில் இருந்ததாகக் கருதப்பட்டவர்களில் ஒருவரிடமும் எந்த அலையும் தென்படவில்லை. 2021-இல் அதை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்கள். கருவி பொருத்துவதற்குள் இறந்து ஒரு நாளாவது ஆகிவிட்டது என்பதால், முதல் சில மணி நேரங்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

இதே டேவிட்சன் குழுதான் 2004-இல், 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை தியானம் பழகிய 8 பேரின் மூளையில் காமா அலைகள் ஓங்கி எழுவதைக் காட்டிப் பரபரப்பூட்டியது. அந்தச் செய்தி உலகம் சுற்றிய வேகத்தில் துக்தம் ஆய்வின் செய்தி சுற்றவில்லை. பிடித்த முடிவைத்தான் நாம் பகிர்கிறோம்.

பிரக்ஞை விஷயத்தில் பௌத்தருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. வெளியுலகம் சூனியம், ஆனால் காணும் பிரக்ஞை உண்மை என்றார்கள் யோகாசாரப் பிரிவினர். அந்தச் சலுகையும் கிடையாது, பிரக்ஞையும் சூனியமே என்றார்கள் நாகார்ஜுனர் வழிவந்தவர்கள். ஆறாம் நூற்றாண்டில் இந்த வழக்கில் யோகாசாரத் தரப்பின் பெருந்தலை நம் காஞ்சிபுரத்துக்காரர்: நாளந்தாவில் ஆசிரியராக விளங்கிய தர்மபாலர். மறுதரப்பின் பாவவிவேகர் அவரை வாதுக்கு அழைத்தபோது, அதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். நடந்திருந்தால் எப்படிப்பட்ட விவாதமாக இருந்திருக்கும்!

என் ஓட்டு பாவவிவேகர் பக்கம். பழைய பாலி மொழிச் சூத்திரங்களில் ஓர் உவமை வருகிறது: ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு நாணற்கட்டுகள். ஒரு கட்டு பிரக்ஞை. மற்றது உடலும் மனமும் சேர்ந்தது. எதை உருவினாலும் மற்றது விழும். பிரக்ஞை இல்லை என்று இது சொல்லவில்லை. அது தனியே நிற்காது என்கிறது. நெற்றியிலா பிடரியிலா என்று இடம் தேடுவதைவிட, உடல், புலன், உலகம் மூன்றுக்கும் நடுவே எந்தெந்தச் சார்புகள் கூடும்போது பிரக்ஞை தோன்றுகிறது, எவை கழன்றால் மறைகிறது என்று கேட்பது பலன் தரும். மயக்க மருந்து ஆய்வுகள் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் போகின்றன. சிவப்பு ஏன் சிவப்பாக அனுபவமாகிறது என்ற சால்மர்ஸின் கடினமான கேள்வி இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தச் சார்புக் கோட்பாட்டைத் தமிழிலேயே படிக்கலாம். மணிமேகலைக் காப்பியத்தின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு உபதேசிப்பது பன்னிரு சார்புகளைத்தான். பேதைமையில் தொடங்கும் அந்த வரிசையில், பிரக்ஞையைக் குறிக்கும் உணர்வுக்கு மூன்றாம் இடம். உ.வே.சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த நாள்முதல் நூல் நம் கையில் இருக்கிறது.  கடைசி இரண்டு காதைகளையும் நல்ல உரையோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.