உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியில் ஒரு கணக்குப்பிள்ளை!

ஸ்கூபா டைவர்கள் கட்டிக்கொண்டு இறங்கும் டைவ் கம்ப்யூட்டருக்கு அவர்களின் உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது! ரத்தத்தில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்தது என்று அது அளப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. தண்ணீரின் அழுத்தம், ஓடிய நேரம். மற்றதெல்லாம் வெறும் கணக்கு!

அந்தக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவை ஆடுகள்! பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து ஆராய்ந்தார். 1908-ல் முடிவுகளை வெளியிட்டார். உடம்பை அவர் ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். ஒன்று நைட்ரஜனால் பாதி நிரம்ப 5 நிமிடம். இன்னொன்று பாதி நிரம்ப 75 நிமிடம்!

இன்றைய கம்ப்யூட்டர் அதோடு விடுமா? சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மான் உடம்பை 16 பகுதிகளாக்கினார். அதில் மிக மந்தமான பகுதி பாதி நிரம்பவே 635 நிமிடம். பத்தரை மணி நேரத்துக்கும் மேல்!

இன்னும் பெரிய ஆச்சரியம் கேளுங்கள். பூல்மான் அந்தச் சூத்திரத்தை ஒளித்து வைக்கவில்லை. 1983-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார்! கார்மின், கனடாவின் ஷியர்வாட்டர் ஆகிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் இன்று ஓட்டுவது அவர் போட்ட கணக்கைத்தான். இவற்றில் விலை எதுவானாலும் மூளை ஒன்றே!

பேட்டரியே இல்லாத டைவ் கம்ப்யூட்டரும் இருந்தது! 1959-ல் இத்தாலியின் எஸ்.ஓ.எஸ். நிறுவனம் கொண்டுவந்தது. உள்ளே ஒரு பை, அதில் வாயு, நடுவே நுண்துளைப் பீங்கான். நைட்ரஜன் திசுவுக்குள் ஊடுருவுவதுபோல வாயு பீங்கானுக்குள் ஊடுருவும். முள் நகரும். ஒரு சில்லு கிடையாது, ஒரு கம்பி கிடையாது!

1983-ல் வந்த அமெரிக்காவின் ஆர்கா எட்ஜ் 12 திசுப் பகுதிகளையும் திரையில் பட்டை பட்டையாக வரைந்து காட்டியது. நைட்ரஜன் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்! அதைச் செங்கல் என்றே சொல்லலாம், அவ்வளவு பருமன்!

அமெரிக்கக் கடற்படை தன் வீரர்களுக்கு டைவ் கம்ப்யூட்டரை அனுமதித்தது எப்போது? 2001-ல்! கடைகளில் மின்னணுக் கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கிப் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் ஆன பிறகு!

சரி, வாங்கப் போகிறீர்களா? இனிதான் சூடான விஷயம். மணிக்கட்டில் கட்டுவதா, ரெகுலேட்டர் ஹோஸில் தொங்கும் கன்சோலா? இந்த ஒரு கேள்விக்காகக் கையேடு கையேடாகப் புரட்டிப் பிடித்த முத்துக்கள் இதோ!

உங்கள் ஆழம் என்று திரையில் வருவது உங்கள் ஆழமே அல்ல. கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தின் ஆழம்! கன்சோல் ஹோஸின் நீளம் சுமார் 80 சென்டிமீட்டர். அது உடம்புக்குக் கீழே தொங்கும்போது அரை மீட்டர், முக்கால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதே இடத்தில், அதே நொடியில், மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் வேறு எண் சொல்லும்!

மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது இன்று பரவலான விதி. நொடிக்கு வெறும் 15 சென்டிமீட்டர்! இப்போது கையைச் சட்டென்று தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். ஒரு நொடியில் ஒரு மீட்டர். நிமிடக் கணக்கில் 60 மீட்டர்! நீங்கள் இருந்த இடத்திலேயே மிதக்கிறீர்கள். மணிக்கட்டோ "மெதுவாக ஏறு" என்று பீப் பீப் என அலறுகிறது!

கன்சோல் வாங்கினால் ஒரே கையளவில் மூன்று: காற்று, ஆழம், திசை! சுவோண்டோ கோப்ரா அப்படிப்பட்டது. சிலிண்டரின் அழுத்தம் ஹோஸ் வழியாக நேரே கம்ப்யூட்டருக்குள் போகிறது. ஜோடி சேர்க்க வேண்டிய டிரான்ஸ்மிட்டர் இல்லை, சிக்னல் அறுந்துபோகும் பயம் இல்லை. எண்களும் பெரிசு பெரிசாகத் தெரியும். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி தேடும் வயதில் அது பெரிய வரம்!

ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும் என்ற பயமா? 200 பார் அழுத்தம் நிற்கும் கன்சோல் ஹோஸ் வெடித்தால் சிலிண்டர் மெதுவாகத்தான் காலியாகும்! ரெகுலேட்டரில் அந்த ஹோஸ் பொருந்தும் இடத்தில் இருப்பது ஊசிமுனைத் துளை. வாய்க்குக் காற்று கொண்டுவரும் குறைந்த அழுத்த ஹோஸ் வெடித்தால்தான் காற்று மளமளவென்று போய்விடும். அழுத்தம் குறைந்தது, ஆபத்து கூடியது!

வாடகைக் கன்சோலில் இன்னொருவரின் நைட்ரஜன் ஒளிந்திருக்கலாம்! காலையில் யாரோ அதை எடுத்துக்கொண்டு 25 மீட்டருக்கு இறங்கினார். மதியம் அது உங்கள் கைக்கு வருகிறது. கம்ப்யூட்டருக்கு ஆள் மாறியது தெரியாது. அவர் உடம்பின் பாக்கியை உங்கள் தலையில் எழுதும்! காலையில் நீங்களும் வேறொரு கருவியோடு இறங்கியிருந்தால் அந்தக் கணக்கு இதில் ஒரு வரிகூட இருக்காது!

அதனால் நம் ஓட்டு மணிக்கட்டுக்கே! எந்த ஊர், எந்தப் படகு, எவருடைய ரெகுலேட்டர் ஆனாலும் உங்கள் கணக்கு உங்கள் கையோடு வரும். ஹோஸில் ஒரு சாதாரண முள் கேஜ் தொங்கட்டும். அதற்குப் பேட்டரியே வேண்டாம். கம்ப்யூட்டர் கண்ணை மூடினாலும் காற்று எவ்வளவு என்று முள் சொல்லும்!

அந்த முள்ளுக்குப் பின்னால் இருப்பது எவ்வளவு தெரியுமா? 12 லிட்டர் சிலிண்டர், 200 பார். மொத்தம் 2,400 லிட்டர் காற்று! அந்தக் காற்றின் எடை மட்டுமே கிட்டத்தட்ட 3 கிலோ! நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு மேற்பரப்பில் அது இரண்டு மணி நேரம் வரும். 30 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்!

ஹோஸே இல்லாமலும் காற்றை அறியலாம். ரெகுலேட்டரில் திருகிய டிரான்ஸ்மிட்டர் மணிக்கட்டுக்குச் செய்தி அனுப்பும். ஆனால் உங்கள் போனின் புளூடூத் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும்! அதனால் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் பேசுகிறார்கள். பக்கத்தில் கேமரா ஃபிளாஷ் அடித்தால் அதுவும் சற்று நேரம் தடுமாறும்!

கார்மின் ஒரு படி மேலே போய்விட்டது. ரேடியோவை விட்டுவிட்டு ஒலியலையைப் பிடித்தது. 2020-ல் வந்த டிசென்ட் எம்கே2ஐ என்ற கம்ப்யூட்டர் ஐந்து சிலிண்டர்களை ஒரே மணிக்கட்டில் கண்காணிக்கும். கூட வரும் டைவரின் காற்றையும் உங்கள் கையிலேயே பார்க்கலாம்!

ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவும் 2022-ல் கடலில் குதித்துவிட்டது. எல்லை 40 மீட்டர். ஆழத்தை அது தானாகவே காட்டும். ஆனால் நைட்ரஜன் கணக்குக்குத் தனியாக ஓஷியானிக் பிளஸ் என்ற ஆப் போட வேண்டும்!

உங்கள் சாதாரணக் கைக்கடிகாரத்தில் "30 மீட்டர்" என்று பொறித்திருக்கிறதா? அதை நம்பி இறங்காதீர்கள். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் அது!

நம்பகம் என்றால் பிராண்டு மட்டும் போதாது! 2003-ல் அமெரிக்காவில் உவாடெக்கின் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் திரும்பப் பெறப்பட்டது. டைவர் கரையேறி வெறுங்காற்றை சுவாசித்துக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டரோ அவர் இன்னும் நைட்ராக்ஸையே (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) இழுப்பதாக எண்ணி, நைட்ரஜன் வேகமாக வெளியேறிவிட்டதாகக் கணக்குப் போட்டது. பேட்டரி சரி, திரை சரி, சென்சார் சரி. பிழை மென்பொருளில்!

பேட்டரியை நீங்களே மாற்றலாமா என்று கடையில் முதலில் கேளுங்கள். ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. பொட்டிக்கடையில் கிடைக்கும் அதே பேட்டரி!

ஈரத் துணியோடு பைக்குள் போட்டால் தானாக விழித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள் உண்டு! ஓரத்தில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். நடுவே ஈரம் பட்டால் கடலுக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும். ஈர விரலும் வியர்வையும்கூடப் போதும். பேட்டரி பைக்குள்ளேயே தீர்ந்துபோகும்!

உப்பு படிந்த சென்சார் துளையைக் காற்றழுத்தக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிறார்களா? உடனே தடுங்கள். அந்த ஒரு ஊதலில் சென்சார் பாழாகலாம். நல்ல தண்ணீரில் ஊறவிட்டாலே போதும்!

இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் கிடக்கிறது எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல். ஆழம் சுமார் 53 மீட்டர். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி அந்த ஆழத்துக்குப் போய், நைட்ரஜன் வெளியேற வழியில் நிற்காமல் மேலே வர அனுமதித்த நேரம் எவ்வளவு? 5 நிமிடம்! அங்கே இறங்க நினைப்பவர், இடைநிறுத்தக் கணக்கு முழுவதையும் போடும் கம்ப்யூட்டராகத்தான் வாங்க வேண்டும்!

சேஃப்டி ஸ்டாப்பை எல்லோரும் அறிவார்கள். 5 மீட்டரில் 3 நிமிடம். ஆனால் கட்டாய நிறுத்தத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டால்? பல சுவோண்டோ கம்ப்யூட்டர்கள் கணக்குப் போடவே மறுத்துவிடும்! ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். கெஞ்சினாலும் திறக்காது, பேட்டரியைக் கழற்றி மாட்டி ஏமாற்றவும் கூடாது. பூட்டு திறக்க முழுசாக 48 மணி நேரம்!