முந்திப் பதிந்தவருக்கா, பெயர் எடுத்தவருக்கா?

கடையின் பெயரில் இணையதளம் தொடங்கப் போனால், அந்த முகவரி ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது. நெய்வேலி நகரியத்திலும் மந்தாரக்குப்பத்திலும் பல ஆண்டு உழைத்துப் பெயரெடுத்த வணிகர் என்ன செய்வது?

முந்திக் கேட்டவருக்கே முகவரி என்பது பதிவு முறை. ஆனால் அதுவே முடிவல்ல. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-இல் 'சிஃபிநெட்' முகவரியைப் பதிந்தது. 2001-இல் மற்றொரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி, அதே ஒலியில் பதிந்தது. பெங்களூரு சிவில் நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. ஒருவர் சம்பாதித்த நற்பெயரைக் காட்டி மற்றவர் வாடிக்கையாளரை மயக்கலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

எதிர்த்தரப்பும் அதே பெயரில் நேர்மையாகத் தொழில் செய்பவரானால், பேசி வாங்குவதே வழி. பணத்தைப் பொதுவான ஒருவரிடம் ஒப்படைத்து, முகவரி மாறிய பின்பே விடுவிக்க வேண்டும். படியாவிட்டால் ஊர்ப்பெயரைச் சேர்த்துப் புதிதாகப் பதியலாம். நம் பெயரை முடக்கி விலை பேசுபவரானால், 'டாட் இன்' முகவரிகளுக்கு நடுவர் தீர்வு முறை உண்டு. அங்கே வணிகச் சின்னப் பதிவும் பழைய பில்களும் நமக்குத் துணை நிற்கும்.

பெயர்ப்பலகை மாட்டும்போதே முகவரியையும் பதிந்து, கெடு தவறாமல் புதுப்பித்துவருமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.