ஜரியாவின் நெருப்பு: மூடிய காலமும் தோண்டும் காலமும்

கொடிகாமத்துப் பக்கம் சிரட்டைக்கரி சுடுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிடங்கில் சிரட்டை பற்றியதும் மண்ணால் மூடவேண்டும். ஒரு வெடிப்பால் காற்றுப் புகுந்தாலும் விடியக் கரி இராது, சாம்பல்தான். இந்தியாவில், தன்பாத் மாவட்டத்து ஜரியா நிலக்கரிச் சுரங்கங்களில், நூறு வருசத்துக்கு மேலாக நடப்பதும் இதுதான். கிடங்குதான் ஊர்களை விழுங்குமளவு பெரிது.

முதல் தீ தெரியவந்தது 1916இல், பௌராவில். அன்றைய தனியார் முதலாளிகள் எட்டிய ஆழத்துக் கரியை அள்ளிக்கொண்டு, குடைந்த வெளியை மணலால் நிரப்பாமலே போனார்கள். கூரையைத் தாங்க விட்ட கரித்தூண்கள் காற்றுப்பட்டுத் தாமாகவே சூடேறிப் பற்றின. எழுபதுகளின் தொடக்கத்தில் சுரங்கங்கள் அரசுடைமையானபோது, பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்துக்கு அந்தத் தீக்களும் சேர்ந்தே வந்தன. நிறுவனம் மண் போர்த்தியது, அகழி வெட்டியது, துளையிட்டு மணலும் தண்ணீரும் இறக்கியது, நைட்ரஜனும் செலுத்தியது. சில அணைந்தன. மற்றவை, நிலம் அமிழ்ந்து வெடித்த இடங்களால் மூச்செடுத்துக்கொண்டன.

இன்று மூடுவதைவிடத் தோண்டுவதே பெரிய வைத்தியம். எரியும் அடுக்கைத் திறந்து, கரியையே அள்ளிவிடுகிறார்கள். தீ தெரியும் இடங்கள் 77இலிருந்து 27ஆகக் குறைந்துவிட்டன என்கிறது அரசுக் கணக்கு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அள்ளுவது உருக்காலைகள் காத்திருக்கும் கோக்கிங் கரி. தீயணைப்பும் வியாபாரமும் ஒரே பெக்கோவில் நடக்கையில், எது முதல் என்று அங்குள்ள சனம் சந்தேகப்படுவதில் பிழையில்லை.

நெருப்புக்குப் பயந்து 2017இல் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையை மூடி, 2019இல் திறந்தார்கள். போரால் 1990இல் ரயிலை இழந்து 2014வரை பார்த்திருந்த கொடிகாமத்துக்கு அது சின்னக் காத்திருப்பு. சனத்தின் காத்திருப்புத்தான் நீளம். குடும்பங்களை இடம்மாற்றவென 2009இல் பெருந்திட்டம் வந்தது. பெல்காரியாவில் அடுக்குமாடிகள் எழும்பின. கரி பொறுக்கியும் சுரங்கத்தை அண்டிக் கூலி செய்தும் பிழைத்தவர்களுக்கு அங்கே என்ன வேலை? 2000இல் போரால் தென்மராட்சியை விட்டு ஓடியவர்களிடம் கேட்டிருந்தால், கூரை கிடைத்த மறுநாள் எழும் கேள்வி அதுவென்று சொல்லியிருப்பார்கள்.

2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற 5,940 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டம்தான் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்திருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாழ்வாதார உதவி, மூன்று லட்சம்வரை கடன் வசதி, தொழிற்பயிற்சி. காணி உறுதி இல்லாத குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. பதினாறு வருசம் பிந்தி வந்திருக்கிறது.