எம்டன்: கேள்விப்பட்டதும் நடந்ததும்

"அவன் சரியான எம்டன்!" என்று சாமர்த்தியசாலி ஒருவரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பதை இன்றைய பிள்ளைகளில் பலர் அறியார்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் அஸர் தொழுகைக்குப் பின் கூடும் சிறு வட்டம் ஒன்று உண்டு. சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், பழைய நூல்களைப் பைண்டு செய்பவர் ஒருவர், கல்லூரியில் வரலாறு பயிலும் இளைஞர் ஒருவர், இவர்களோடு நான். எங்களில் எவரும் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். ஆயினும் கடற்போர்களைப் பற்றிப் படிப்பதிலும் வாதிடுவதிலும் எங்களுக்குத் தீராத ஆர்வம்.

ஒருநாள் அந்த இளைஞர், "எம்டன் கப்பலில் வந்து சென்னையைத் தாக்கச் செய்தவர் நம் செண்பகராமன் பிள்ளை" என்று பெருமிதத்தோடு கூறினார். முதியவர் அமைதியாக ஒரு வினாத் தொடுத்தார்: "தம்பி, அவர் அந்தக் கப்பலில் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்?"

இளைஞரிடம் விடையில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் எவரிடமும் இல்லை. அன்றிலிருந்து எம்டனின் வழித்தடத்தை நூல்களில் தேடலானோம்.

கப்பல் வந்த வழி

எம்டன் 1908ஆம் ஆண்டில் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்ட ஜெர்மானியக் குரூசர் கப்பல். பத்துப் பீரங்கிகள் கொண்டது. 1910 ஏப்ரலில் அது கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டது. அதன் பின்னர் அது தாய்நாடு திரும்பவே இல்லை. சீனக் கரையிலிருந்த சிங்தாவ் துறைமுகமே அதன் தளம். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அங்கிருந்து வெளியேறி, கார்ல் ஃபான் முல்லர் என்னும் தளபதியின் தலைமையில் தன்னந்தனியே இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. மூன்று புகைபோக்கிகளே உடைய அக்கப்பலில் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல்போல் தோன்றச் செய்தார் முல்லர்.

செப்டம்பர் 10 முதல் வங்கக்கடலில் வணிகக் கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின. முல்லர் மாலுமிகளை முதலில் பத்திரமாக இறக்குவார். அதன் பின்னரே கப்பலை மூழ்கடிப்பார். பிடிபட்டோரை ஒரு கப்பலில் ஏற்றி விடுதலையும் செய்தார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டி எழுதின.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 130 குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் மாண்டனர். அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் உயர்நீதிமன்றச் சுவரில் பதிக்கப்பட்டது. அந்த இரவே 'எம்டன்' என்னும் சொல்லை நம் மொழிக்குத் தந்தது.

வினாவுக்கு விடை

செண்பகராமன் பிள்ளை 1914இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியர்களோடு இணைந்தார். எம்டனோ நான்கு ஆண்டுகளாக ஐரோப்பியத் துறைமுகம் எதையும் தொடவில்லை. சூரிச்சிலிருந்தவர் சீனக் கரைக்குச் சென்று கப்பலேறி, சென்னையைத் தாக்கிவிட்டு, நடுக்கடலில் இறங்கி, அக்டோபருக்குள் பெர்லினில் தோன்றியிருக்க இயலுமா?

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் அதே இளைஞர்தாம். கூறி முடித்தபோது அவர் முகம் சற்று வாடியிருந்தது. "அப்படியானால் அவர் பெருமை குறைந்துவிடுமா ஹஜ்ரத்?" என்று என்னைக் கேட்டார். "அந்நிய மண்ணில் நின்று நாட்டு விடுதலைக்குக் குரல் கொடுத்தவருக்கு, அவர் ஏறாத கப்பலின் புகழ் எதற்கு?" என்றேன். மெய்யான பெருமை உள்ளவர் மீது பொய்யைச் சுமத்தினால், பொய் உடையும் நாளில் மெய்யையும் மக்கள் ஐயுறுவர் அல்லவா?

கீலிங் தீவில் நடந்தது

சென்னைக்குப் பின் எம்டன் அக்டோபர் 28இல் பினாங்கு துறைமுகத்துள் புகுந்து ஷெம்சுக் என்னும் ரஷ்யக் கப்பலை அழித்தது. அந்நேரம் அக்கப்பலின் தளபதி கரையில் இருந்தார். வெளியேறுகையில் முஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு வீரர்களை எம்டன் காத்தது.

நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் கீலிங் தீவிலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரை முல்லர் கரையிறக்கினார். நிலையத்தார் அதற்குள் அபயச் செய்தி அனுப்பிவிட்டனர். அருகே படைக்கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி விரைந்து வந்தது. எம்டனின் குண்டு சுமார் 17 கிலோ; சிட்னியின் குண்டு 45 கிலோ. முதலில் குறி தவறாது அடித்தது எம்டன்தான். ஆயினும் சிட்னி விலகி நின்று, எட்டாத் தொலைவிலிருந்து நொறுக்கியது. முல்லர் தம் கப்பலைப் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார்.

எங்கள் வட்டத்தில் மிகுந்த சூடு பறந்த வாதம் இதற்கு அடுத்த நிகழ்ச்சியைப் பற்றியது. நிலக்கரிக் கப்பலொன்றைத் துரத்திச் சென்று மாலையில் திரும்பிய சிட்னி, எம்டனின் கொடி இன்னும் பறப்பதைக் கண்டு, சரணடையுமாறு சைகை காட்டியது. தக்க மறுமொழி வராததால் மீண்டும் சுட்டது. சைகை நூல்களை எம்டன் அழித்துவிட்டிருந்தது. பைண்டர், "கொடி பறக்கும்வரை போர்தான்" என்றார். முதியவரோ, "கீழே இயந்திர அறையில் கிடந்தவனுக்குக் கொடி பறப்பது தெரியுமா காக்கா?" என்று கேட்டார். எவரும் பேசவில்லை. எம்டனில் மாண்டோர் 130க்கு மேல், சிட்னியில் நால்வர்.

ஆயிஷாவின் பயணம்

கரையில் நின்ற ஐம்பது பேரும் தம் கப்பல் அழிவதைக் கண்டனர். அவர்களின் தலைவர் ஹெல்முத் ஃபான் மியூக்கே. தீவில் 97 டன் எடையுள்ள பாய்க்கப்பல் ஒன்று நின்றது. அதன் பெயர், நம் வீடுகளில் வழங்கும் பெயர்: ஆயிஷா. அன்று மாலையே அதில் ஏறிப் புறப்பட்டனர். குடிநீர் கெட்டது, மழைநீரைப் பாயில் பிடித்துக் குடித்தனர். சுமத்ராவின் பாடாங்கை அடைந்தபோது, நடுநிலை நாடான ஹாலந்தின் அதிகாரிகள் தங்க விடவில்லை. பின்னர் நடுக்கடலில் ஜெர்மானிய நீராவிக் கப்பலொன்றுக்கு மாறி, ஆயிஷாவைத் தம் கையாலேயே மூழ்கடித்தனர்.

1915 ஜனவரியில் ஏமனின் ஹுதைதாவில் இறங்கினர். சன்ஆ சென்று நோயுற்றுத் திரும்பி, சம்பூக் படகுகளில் செங்கடல் ஓரமாக வடக்கே வந்தனர். ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. ஜித்தாவுக்கு அருகே பாலைவனத்தில் பதூயின்கள் சூழ்ந்து தாக்கினர். மூன்றாம் நாள் மக்கா அமீரின் படை வந்த பின்னரே மீட்சி கிடைத்தது. பின்னர் ஒட்டகங்களில் அல்உலா சென்று ஹிஜாஸ் ரயிலேறி, மே மாதத்தில் இஸ்தான்பூலை அடைந்தனர்.

இத்துணையையும் கடந்த மியூக்கே பிற்காலத்தில் போரையே எதிர்ப்பவராக மாறி, நாஜி ஆட்சியில் சிறையும் கண்டார். போரைப் பற்றிக் கதை பேசுவோர் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது.

அன்பு வாசகர்களே! போர் வரலாறு பேசுவது குற்றமன்று. ஆனால் அதில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் அவ்விரவு மாண்ட ஐவரும் அவர்களில் அடங்குவர். அவர்களைக் குறித்து நாம் சொல்லும் சொல் உண்மையாக இருத்தல் வேண்டும். இப்போது எங்கள் வட்டத்தில் எவரேனும் சுவையான கதை ஒன்றைத் தொடங்கினால், அந்த இளைஞரே முந்திக்கொண்டு புன்னகையோடு கேட்கிறார்: "ஏறிய துறைமுகம் எது?"