வலமிருந்து ஓடும் சமன்பாடுகள்

மாணவர் கையில் டேப்லெட் வந்துவிட்டால் வகுப்பறை மின்னிலக்கமாகிவிடுமா? எகிப்து அந்த நம்பிக்கையில்தான் தொடங்கியது. 2018ல் ஆரம்பித்த கல்வியாண்டில், மேல்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டு மாணவர்கள் ஏறக்குறைய 700,000 பேருக்கு டேப்லெட் வழங்கும் திட்டத்தை அரசாங்கம் நடைமுறைப்படுத்தியது. 2019 மார்ச்சில் இணையவழித் தேர்வு நடந்தபோது கணினிக் கட்டமைப்பு தாக்குப்பிடிக்கவில்லை. பலரால் தேர்வுப் பக்கத்திற்குள் நுழையவே முடியவில்லை.

கட்டமைப்பைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். அரபு வகுப்பறையின் பிடிவாதமான சிக்கல் எழுத்தில் இருக்கிறது.

அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும் என்பது ஜாவி எழுத்தைப் பார்த்திருக்கும் உங்களுக்குத் தெரியும். ஆனால் 2019 போன்ற ஓர் எண்ணின் இலக்கங்கள் நம்முடையவை போலவே இடமிருந்து வலமாக அமையும். ஒரே வரியில் இரண்டு திசைகள்! இதற்கென யூனிகோடில் தனி விதிமுறை உண்டு. கதை, கட்டுரைக்கு அது போதும். தலைவலி கணிதத்தில்தான்.

எகிப்தின் அரபுப் பாடநூல்களில் சமன்பாடும் வலப்பக்கமிருந்தே தொடங்கும். எக்ஸ், ஒய் வரவேண்டிய இடத்தில் சீன், ஸாத் என்ற அரபு எழுத்துகள் நிற்கும். வர்க்கமூலக் குறிகூடக் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். மொரோக்கோவிலோ, விளக்கம் அரபு மொழியில் இருந்தாலும் சூத்திரம் லத்தீன் எழுத்துகளில் இடமிருந்து வலமாகச் செல்லும்.

இப்போது அரபுப் பத்தி ஒன்றுக்குள் "5 - 3" என்று தட்டச்சு செய்கிறீர்கள் என வைத்துக்கொள்ளுங்கள். திசையைக் குறிப்பிடாவிட்டால் மென்பொருள் அதை "3 - 5" என்று காட்டக்கூடும். எகிப்து மாணவர் வலமிருந்து படித்து, விடை 2 என்பார். மொரோக்கோ மாணவர் இடமிருந்து படித்து, மைனஸ் 2 என்பார். இருவர்மீதும் தவறில்லை.

துபாயில் 2018ல் தொடங்கப்பட்ட 'மதரசா' இணையத்தளம் கணிதம், அறிவியல் காணொளிகள் 5,000ஐ அரபு மொழியில் இலவசமாகத் தந்தது. பாராட்டவேண்டிய முயற்சி. ஆனால் எல்லா அரபு நாடுகளுக்கும் ஒரே பாடம் என்றால், எந்தக் குறியீட்டில் எழுதுவது?

அரபுக் கணிதக் குறிகள் 143ஐ யூனிகோட் 2012ல் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகும் சூத்திரத்தைப் படமாக ஒட்டிவிடுவதுதான் எளிய வழி. அப்படி ஒட்டினால், பார்வையற்ற மாணவருக்குப் பாடத்தை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கு அந்த இடத்தில் படிக்க எழுத்தே இராது.

எழுத்து இருந்தாலும் அந்த மென்பொருளுக்குச் சங்கடம் தீராது. அரபு மொழியில் குறில் உயிரொலிகளைப் பொதுவாக எழுதுவதில்லை. காஃப், தா, பா என்ற மூன்றே எழுத்துகளை 'கதபா' (எழுதினான்) என்றும் 'குதுப்' (புத்தகங்கள்) என்றும் 'குதிபா' (எழுதப்பட்டது) என்றும் படிக்கலாம். மனிதர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கணினி ஊகிக்கவேண்டும். தொடக்க வகுப்பு நூல்களில் உயிர்க்குறிகளைச் சேர்த்தே அச்சிடுகிறார்கள். மேல்வகுப்புகளில் அவை மறைந்துவிடும். அறிவியல் பாடம் கனக்கத் தொடங்குவதும் அங்கேதான்.